ஊராட்சித் தலைவருக்கு இரண்டு முறை, தனி அலுவலருக்கு ஆறு மாதம்

மதிப்பிற்குரிய தமிழ்நாடு சட்டப்பேரவை உறுப்பினர்களுக்கு,

வணக்கம். கிராம ஊராட்சித் தலைவர் பதவியில் ஒருவர் தொடர்ந்து எத்தனை முறை இருக்கலாம் என்பதற்கு, 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தில் வரம்பு எதுவும் இல்லை. வாக்கு விழுந்துகொண்டே இருந்தால் ஆயுள் முழுக்க இருக்கலாம். தொடர்ந்து இரண்டு முறை இருந்தவர் அடுத்த ஒரு தேர்தலில் ஒதுங்கி நிற்க வேண்டும் என்று ஒரு திருத்தம் கொண்டுவாருங்கள் என்று கேட்டு இதை எழுதுகிறேன். எங்கள் பக்கம் டீக்கடையில் இந்தப் பேச்சை எடுத்தால் ஆதரிப்பவர்களும் எதிர்ப்பவர்களும் ஒரே சூட்டில் கிளம்புகிறார்கள். ஆனால் இரண்டு தரப்பும் தலைவரைப் பற்றியே பேசி முடித்துவிடுகின்றன. தேர்தல் நடக்காமல் தலைவரே இல்லாத வருடங்களில், அரசு போட்ட தனி அலுவலர் ஊரை எப்படி நடத்தினார் என்ற கேள்வி வருவதில்லை. அதையும் சேர்த்தே எழுத வேண்டியிருப்பதால் மடல் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கேட்பது கிராம ஊராட்சித் தலைவருக்கு மட்டும்தான். ஒன்றியக் குழுத் தலைவரையும் மாவட்ட ஊராட்சித் தலைவரையும் உறுப்பினர்கள் கூடித் தேர்ந்தெடுக்கிறார்கள். அங்கே நிர்வாகம் அதிகாரிகள் கையில். மாநகராட்சியிலும் அதே கதை. அங்கி மேயருக்கு, அதிகாரம் ஆணையருக்கு. மக்கள் நேரடியாக வாக்களித்துத் தேர்ந்தெடுத்த ஒரே ஆளிடம் நிர்வாக அதிகாரமும் சேர்ந்து இருப்பது பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கிராம ஊராட்சிகளில்தான். பணம் எடுக்கத் துணைத் தலைவரின் கையெழுத்தும் வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, உண்மைதான். துணைத் தலைவர் யாருடைய ஆள் என்பதைப் பொறுத்தது அது.

நீண்ட நாள் ஒரே ஆள் இருந்தால் என்ன ஆகும் என்று கேட்பவர்கள் பெரும்பாலும் ஊழலை மனத்தில் வைத்துக் கேட்கிறார்கள். ஊழல் ஒரு பகுதிதான். புதிதாக வந்த ஆளும் முதல் வருடமே எடுக்கலாம், எடுத்தும் இருக்கிறார்கள். நான் பார்த்தது வேறு. மேல்நிலைத் தொட்டியின் டேங்க் ஆபரேட்டர் தலைவர் பார்த்துப் போட்ட ஆள். எந்தத் தெருவுக்கு எந்நேரம் கேட் வால்வைத் திறப்பது, எவ்வளவு நேரம் விடுவது என்பது அவர் கையில் இருக்கிறது. நூறு நாள் வேலையின் பணித்தளப் பொறுப்பாளர், தூய்மைக் காவலர், தெருவிளக்கு மாற்றுகிறவர் எல்லோரும் அதே வழியில் வந்தவர்கள். வீட்டுவரி ரசீது வேண்டுமென்றால் ஊராட்சி அலுவலகத்துக்குப் போக வேண்டும். ரசீது இல்லாமல் மின் இணைப்புக்கு அலைய வேண்டும். முதல் ஐந்து வருடம் இதெல்லாம் தலைவர் செய்யும் வேலையாகத் தெரியும். பத்தைத் தாண்டினால் தலைவர் செய்யும் உதவியாகத் தெரிய ஆரம்பிக்கும். அதன்பிறகு அவரை எதிர்த்து வேட்புமனுவில் முன்மொழிந்து கையெழுத்துப் போட ஆள் கிடைப்பது கஷ்டம். மிரட்டல் எதுவும் வேண்டாம். வால்வு அரை மணி நேரம் முன்னதாக மூடினால் போதும்.

'ஐந்து வருடத்துக்கு ஒருமுறை தேர்தல் வருகிறதே, அதுதானே வரம்பு? பிடிக்காவிட்டால் மக்கள் தூக்கி எறியட்டும்' என்பது எதிர்த்தரப்பின் பெரிய வாதம். சட்டமன்றத் தொகுதிக்கு அது பொருந்தும். இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளர்களில் யார் யாருக்குப் போட்டார்கள் என்று கண்டுபிடிக்க முடியாது. ஆயிரத்துச் சொச்சம் வாக்குள்ள ஊராட்சியில் வார்டு வாரியாக எண்ணி முடிக்கும்போதே எந்தத் தெரு கைவிட்டது என்று தெரிந்துவிடும். சில ஊர்களில் போட்டியே இல்லாமல் தலைவர் வருகிறார். சில ஊர்களில் பதவியைக் கோயிலில் வைத்து ஏலம் விடுகிறார்கள். ஒவ்வொரு ஊரகத் தேர்தலிலும் இது செய்தியாகிறது. இங்கே வாக்குச்சீட்டு ஒன்றே வரம்பாக இருந்துவிடும் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

இன்னொரு வாதத்தை இவ்வளவு சுலபமாகத் தள்ள மாட்டேன். நல்ல தலைவரை ஏன் துரத்த வேண்டும்? கோவை மாவட்டம் ஓடந்துறையில் சண்முகம் 1996-ல் தலைவரானார். 2006-ல் அந்த ஊராட்சி ஒன்றரைக் கோடி ரூபாய்க்கு மேல் போட்டு, பெரும்பகுதி வங்கிக் கடனில், 350 கிலோவாட் காற்றாலை வாங்கியது. மின்சாரத்தை வாரியத்துக்கு விற்றுக் கடனை அடைக்கும் ஏற்பாடு. திருவள்ளூர் மாவட்டம் குத்தம்பாக்கத்தில் இளங்கோவும் 1996 முதல் இரண்டு முறை தலைவராக இருந்துதான் பேர் சொல்லும் வேலைகளைச் செய்தார். நிதிக்குழு மானியத்தில் எது குறிப்பிட்ட வேலைக்கென்றே கட்டுண்டது, எதை நம் விருப்பத்துக்குச் செலவழிக்கலாம், எந்தத் திட்டத்துக்கு ஒன்றியத்தில் எந்த மேசையில் கோப்பு நிற்கும் என்பதெல்லாம் பிடிபடவே புதியவருக்கு ஒன்றிரண்டு வருடம் ஆகும். ஐந்தே வருடம்தான் என்று வைத்தால் கற்றுக்கொண்ட கையோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அதனால்தான் இரண்டு முறை என்கிறேன். ஓடந்துறையின் காற்றாலைக்கும் பத்து வருடம் போதுமானதாக இருந்தது. விலகி நிற்கும் ஐந்து வருடத்தில் நல்ல தலைவர் கிராம சபையில் எழுந்து கேள்வி கேட்கலாம். அப்படி ஒருவர் கீழே உட்கார்ந்திருந்தால் மேலே இருப்பவர் தீர்மானப் புத்தகத்தில் வெற்றுப் பக்கத்தில் கையெழுத்து வாங்க யோசிப்பார்.

அப்புறம், நம் ஊராட்சிகளில் வரம்பு இப்போதே பாதிப் பேருக்கு இருக்கிறது. அது சுழற்சி முறை. பட்டியல் சமூகத்துக்கும் பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் ஒதுக்கிய தலைவர் பதவிகள் சுழன்று வேறு ஊராட்சிகளுக்குப் போகின்றன. தமிழ்நாட்டில் பொதுவாக இரண்டு தேர்தலுக்கு ஒருமுறை. சுழற்சி வந்ததும், அந்தப் பதவியில் இருந்த பட்டியல் சமூகத்துப் பெண் பொதுப் பதவியில் மீண்டும் நிற்கலாம் என்று சட்டம் அனுமதிக்கிறது. நின்று ஜெயித்தவர்களை விரல்விட்டு எண்ண வேண்டியிருக்கும். ஆக, ஒதுக்கீட்டில் வருபவருக்குப் பத்து வருடம், பொதுவில் வருபவருக்குச் சுழற்சி அந்த ஊரைத் தொடும்வரை எல்லையே கிடையாது.

அந்தப் பத்து வருடமும் எப்படிக் கழிகிறது? மதுரை மாவட்டம் மேலவளவில் பட்டியல் சமூகத்தைச் சேர்ந்த முருகேசன் 1997 ஜூன் 30-ல் வெட்டிக் கொல்லப்பட்டது தலைவரான குற்றத்துக்காக. அதே மாவட்டத்தில் பட்டியல் சமூகத்துக்கு ஒதுக்கிய பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் தலைவரைத் தேர்ந்தெடுத்து உடனே ராஜினாமா எழுதி வாங்கினார்கள். 2006-ல்தான் அங்கே தலைவர்கள் நாற்காலியில் நிலைத்து உட்கார முடிந்தது. 2020-ல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் பட்டியல் சமூகத்தைச் சேர்ந்த ஊராட்சித் தலைவரே கூட்டத்தில் தரையில் உட்கார்ந்திருந்த படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இப்படிப்பட்ட ஊரில் முதல் ஐந்து வருடம் நாற்காலிக்கான சண்டையிலேயே போய்விடும். எனவே யாராவது 'ஒருமுறை போதும்' என்று திருத்தத்துக்குத் திருத்தம் கொண்டுவந்தால், தயவுசெய்து ஏற்காதீர்கள். அது வலியவரைத் தொடாது, இவர்களைத்தான் அடிக்கும்.

இப்படி ஒரு வரம்பு போட உங்களுக்கு அதிகாரம் உண்டா என்ற சந்தேகம் வேண்டாம். அரசியலமைப்பின் 243எஃப் பிரிவு, ஊராட்சிப் பதவிக்கான தகுதியிழப்பை மாநிலச் சட்டமன்றமே வகுக்கலாம் என்கிறது. இரண்டு பிள்ளைக்கு மேல் பெற்றவர் நிற்கக்கூடாது என்ற ஹரியானா சட்டத்தை உச்ச நீதிமன்றம் 2003-ல் ஏற்றது. பள்ளிப் படிப்பு இல்லாதவர், வீட்டில் கழிப்பறை இல்லாதவர் நிற்கக்கூடாது என்ற சட்டத்தையும் 2015-ல் ஏற்றது. அந்த இரண்டு சட்டங்களும் எனக்குக் கசப்பானவை. ஏழையைத் தேடிப் பிடித்துத் தடுத்தவை. ஏழையைத் தடுக்கச் செல்லுபடியான அதிகாரம், பத்து வருடம் பதவியில் இருந்து முடித்தவரை ஐந்து வருடம் உட்கார வைக்கச் செல்லாமல் போகாது.

'உங்களுக்கு முதலில் வரம்பு வையுங்கள், பிறகு எங்களுக்கு' என்று தலைவர்கள் உங்களைக் கேட்பார்கள். கேட்கட்டும். சட்டமன்ற உறுப்பினர் டேங்க் ஆபரேட்டரை நியமிப்பதில்லை என்று பதில் சொல்லலாம். அந்தப் பதில் அமைச்சர்களுக்குப் பொருந்தாது என்பதும் எனக்குத் தெரியும். அது வேறொரு மடலுக்கான விஷயம்.

வரம்பு போடுவது பெரிய வேலை இல்லை, எப்படிப் போடுகிறோம் என்பதில்தான் எல்லாம். நமக்கே ஒரு பழைய பாடம் இருக்கிறது. மு.க. ஸ்டாலின் 1996-லும் 2001-லும் மக்களின் நேரடி வாக்கில் சென்னை மேயரானார். ஒருவர் இரண்டு மக்கள் பிரதிநிதிப் பதவிகளை வகிக்கக்கூடாது என்று 2002-ல் அன்றைய அ.தி.மு.க. அரசு சட்டம் கொண்டுவந்தது. அவர் சட்டமன்ற உறுப்பினராகவும் இருந்தார். யாரைக் குறிவைத்த சட்டம் என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போனது. கடைசியில் அவரைக் கட்டிப்போட்டது, ஒருவர் அடுத்தடுத்து இரண்டு முறை மேயராக முடியாது என்று 1919-ஆம் ஆண்டின் மாநகராட்சிச் சட்டத்தில் கிடந்த பழைய விதி. 1973 வரை சென்னை மேயர்கள் பெரும்பாலும் வருடத்துக்கு ஒருவராக மாறிக்கொண்டிருந்தவர்கள். மன்றம் தேர்ந்தெடுத்த மேயர்கள். அந்தக் காலத்து விதி, மக்கள் வாக்களித்து ஐந்து வருடத்துக்கு வந்த மேயர்மீது பாய்ந்தது. அதில் நியாயம் எந்தப் பக்கம் என்று இங்கே வாதாட வரவில்லை. வரம்பை ஒரு ஆளை மனத்தில் வைத்து எழுதக்கூடாது, பழைய வருடங்களைப் பின்னோக்கி எண்ணக்கூடாது. திருத்தம் வந்தபிறகு நடக்கும் முதல் தேர்தலிலிருந்து எண்ணுங்கள். இதுவரை பல முறை தலைவராக இருந்துவிட்டவருக்கும் இன்னும் இரண்டு முறை கிடைக்கும், கிடைக்கட்டும். பழிவாங்கல் என்ற பேர் வராமல் சட்டம் நின்றால் போதும்.

வெளியே பார்த்தால் பிலிப்பைன்ஸ் நல்ல எச்சரிக்கை. 1987-ஆம் ஆண்டின் அரசியலமைப்பிலேயே உள்ளாட்சிப் பதவிகளுக்குத் தொடர்ந்து மூன்று முறை, முறைக்கு மூன்று வருடம் என்று வரம்பு எழுதினார்கள். மேயருக்கு ஒன்பது வருடம் முடிந்ததும் மனைவி மேயரானார், அல்லது மகன்; மூன்று வருடம் கழித்துப் பழையவர் திரும்பி வந்தார். குடும்ப ஆட்சியைச் சட்டம் இயற்றித் தடுப்போம் என்றும் அதே அரசியலமைப்பு சொல்கிறது. அந்தச் சட்டம் நாடு முழுமைக்குமாகப் பல பத்தாண்டுகள் ஆகியும் வரவில்லை. இயற்ற வேண்டியவர்கள் பலரும் அந்தக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். நமக்கு இது தூரத்துக் கதை இல்லை. தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டதும் பெயர்ப்பலகையில் மனைவி பெயரும் நாற்காலியில் கணவரும் இருக்கும் அலுவலகத்துக்கு நீங்களே போய் டீ குடித்திருப்பீர்கள். 2016-ல் பெண்கள் ஒதுக்கீடு 50 விழுக்காடானபோது அந்த நாற்காலிகளும் கூடின. இரண்டு முறை வரம்பு மட்டும் வந்தால், பொதுப் பதவியிலும் அதே காட்சிதான்.

சரி, குடும்பத்தையும் தடுப்பதா? இதில் எனக்கு நெருடல் உண்டு. கணவன் பத்து வருடம் இருந்ததற்கு மனைவி ஏன் நிற்கும் உரிமையை இழக்க வேண்டும் என்று ஒரு பெண் கேட்டால், கேள்வி நியாயமானது. ஆனாலும் ஒரே ஒரு தேர்தலுக்கு, அதே ஊராட்சியின் தலைவர் பதவிக்கு மட்டும், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், பெற்றோர் நிற்கக்கூடாது என்று வைக்கலாம். அதற்கு ஒரு விலக்கு வேண்டும்: முன்பே ஒரு முழுக் காலம் வார்டு உறுப்பினராக இருந்தவர் என்றால் அவரைத் தடுக்கக்கூடாது. தன் வார்டில் வாக்குக் கேட்டு வந்து ஐந்து வருடம் கூட்டத்தில் உட்கார்ந்த பெண், கணவரின் நிழல் என்று சொல்ல நமக்கு உரிமை கிடையாது. இதோடு, தலைவருக்குப் பதிலாக நாற்காலியில் உட்கார்ந்து கோப்பு பார்க்கும் கணவருக்குத் தண்டனை இருக்க வேண்டும். ஒன்றிய அரசின் பஞ்சாயத்து ராஜ் அமைச்சகம் அமைத்த குழுவே அப்படிக் கடுமையான தண்டனையைப் பரிந்துரைத்திருக்கிறது.

பிலிப்பைன்சிடமிருந்து ஒரு வரியை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். தானாகப் பதவி விலகினால் அது தொடர்ச்சியை முறித்ததாகாது என்று அவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். அந்த வரி இல்லாவிட்டால் இரண்டாம் காலம் முடிய மூன்று மாதம் இருக்கும்போது 'உடல்நிலை காரணமாக' ஒரு ராஜினாமா வரும், துணைத் தலைவர் பொறுப்பேற்பார், அடுத்த தேர்தலில் உடல்நிலை தேறிவிடும். மாவட்ட ஆட்சியர் 205-ஆம் பிரிவில் நீக்கி, நீதிமன்றம் மறுபடி அமர்த்திய தலைவர்களின் காலத்தை எப்படி எண்ணுவது என்பதையும் சட்டத்திலேயே எழுதிவிடுங்கள். வருடக் கணக்கையும் கவனியுங்கள். இந்தோனேசியாவில் கிராமத் தலைவருக்கு ஆறு வருடம், மூன்று முறை என்று இருந்தது. 2023-ல் தலைவர்கள் ஜகார்த்தாவில் நாடாளுமன்றத்தின் முன் திரண்டு ஒன்பது வருடம் கேட்டார்கள். 2024-ல் எட்டு வருடம், இரண்டு முறை என்று மாற்றிக் கொடுத்தார்கள். முறை குறைந்தது என்று ஒரு பக்கம் சொல்லிக்கொள்ளலாம். ஒருமுறை வாக்களித்தால் எட்டு வருடம் காத்திருக்க வேண்டியது ஊர்தான்.

இனி நான் முதலில் சொன்ன மற்ற விஷயம்: தலைவரைத் தவிர ஊரை நடத்துகிறவர்கள். தலைவருக்கு வரம்பு போட்டுவிட்டு ஊராட்சிச் செயலரை விட்டுவிட்டால் அதிகாரம் இடம் மாறும், அவ்வளவுதான். பல ஊர்களில் செயலர் பத்துப் பதினைந்து வருடமாக ஒரே மேசையில் இருக்கிறார். ரசீதுப் புத்தகம், கணினியின் கடவுச்சொல், பழைய தீர்மானங்கள் இருக்கும் பீரோவின் சாவி எல்லாம் அவரிடம். புதுத் தலைவர் வந்து உட்கார்ந்தால் செயலர் சொல்வதுதான் சட்டம். எனவே அவருக்கும் குறிப்பிட்ட வருடத்தில் கட்டாய இடமாற்றம் வேண்டும், பக்கத்து ஊராட்சிக்கானாலும் சரி.

அதைவிடப் பெரியது தனி அலுவலர் ஆட்சி. இது நம் மாநிலத்தின் நாள்பட்ட நோய். சென்னை மாநகராட்சி 1973-ல் கலைக்கப்பட்டு அடுத்த தேர்தலைப் பார்த்தது 1996-ல். ஊராட்சிகளுக்கு 1986-க்குப் பிறகு 1996. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை தேர்தலைக் கட்டாயமாக்கிய அரசியலமைப்புத் திருத்தம் வந்தபிறகு இது நடக்காது என்று நினைத்தோம். 2016 அக்டோபரில் நடக்க இருந்த தேர்தலை, பழங்குடியினர் ஒதுக்கீட்டில் விதி பின்பற்றவில்லை என்று உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. குறையைச் சரிசெய்து தேர்தல் நடத்த மூன்று வருடத்துக்கு மேல் ஆனது. 27 மாவட்டங்களுக்கு 2019 டிசம்பரில், மீதி ஒன்பதுக்கு 2021 அக்டோபரில். அந்த 2019 தேர்தலில் வந்தவர்களின் காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்தது. மறுநாளே மறுபடியும் தனி அலுவலர்கள். ஆட்சியில் எந்தக் கட்சி இருந்தது என்று பார்த்து இதில் தேற முடியாது, இரண்டு காலத்தையும் இரண்டு கட்சிகளும் பங்குபோட்டுக்கொண்டன.

தனி அலுவலர் என்றால் வட்டார வளர்ச்சி அலுவலர். அவருடைய வழக்கமான வேலைக்கு மேலே, ஒன்றியத்தில் உள்ள அத்தனை ஊராட்சிக்கும் தலைவர் அவரே. நாற்பது ஊராட்சி இருக்கும் ஒன்றியத்தில் மோட்டார் எரிந்துபோனது என்று யாரிடம் போய்ச் சொல்வது? கைப்பேசியை எடுத்தால் மீட்டிங்கில் இருப்பார், அவரைக் குறை சொல்லவும் முடியாது. அப்போது ஊர் பழைய தலைவர் வீட்டு வாசலுக்குத்தான் போகிறது. அவர் தன் கைக்காசைப் போட்டு மோட்டாரைச் சரிசெய்கிறார். பதவி இல்லாத காலத்திலும் அவர்தான் தலைவர் என்று ஊர் முடிவு செய்துகொள்கிறது. நிரந்தரத் தலைவர்களை உருவாக்குவதில் அரசின் பங்கு இது. தேர்தலை நடத்தாத அரசு, தலைவர்களின் காலத்துக்கு வரம்பு போட வந்தால் அவர்கள் சிரிப்பார்கள், நியாயமாகவே சிரிப்பார்கள்.

ஐந்து வருடம் முடிவதற்குள் தேர்தலை முடித்துவிட வேண்டும் என்கிறது 243இ பிரிவு. இடையில் கலைத்தால் ஆறு மாதத்துக்குள் நடத்த வேண்டும் என்கிறது. அந்த ஆறு மாதத்தையே தனி அலுவலருக்கும் உச்சவரம்பாக வையுங்கள். அதற்கு மேல் அவர் செலவுக்குக் கையெழுத்துப் போட்டால் செல்லாது என்று எழுதுங்கள். குடிநீர், தெருவிளக்கு, சம்பளம் மூன்றுக்கு மட்டும் விலக்கு கொடுங்கள். வார்டு மறுவரையறை முடியவில்லை, ஒதுக்கீட்டுப் பட்டியல் தயாராகவில்லை என்ற காரணங்கள் எல்லாம் அன்றைக்கே குறைய ஆரம்பிக்கும். ஒப்பந்தக்காரர்களே தேர்தல் கேட்டு மனுக் கொடுப்பார்கள்.

இரண்டு வரம்பையும் ஒரே மசோதாவில் கேட்கிறேன். தலைவருக்கான பிரிவை மட்டும் நிறைவேற்றிவிட்டு மற்றதை 'பிறகு பார்க்கலாம்' என்று வைப்பதாக இருந்தால், எதையும் நிறைவேற்றாமல் விட்டுவிடுங்கள். அதிகாரியின் கையை மட்டும் பலப்படுத்தும் சட்டம் எங்களுக்கு வேண்டாம்.

வரைவு தயாரானால், பேரவையில் வைப்பதற்கு முன் ஒரு கிராம சபைக்கு அதைக் கொண்டுவாருங்கள். வருடத்தில் ஆறு கிராம சபைகள் நடக்கின்றன. நவம்பர் 1 உள்ளாட்சி நாள் என்று நீங்களே வைத்தது. தமிழில், பிரிவு எண்களோடு, ஒரு மாதம் முன்னதாக ஊராட்சி அலுவலகச் சுவரிலும் ரேஷன் கடையிலும் ஒட்டச் சொல்லுங்கள். ஒன்றிய அலுவலகத்துப் பலகையில் ஒட்டினால் கணக்கில் வராது, அங்கே போக எங்களுக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். ஆதரித்துப் பேசியவர், எதிர்த்துப் பேசியவர் இருவர் சொன்னதையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, அதன் நகலை உங்கள் தொகுதி அலுவலகத்துக்கு அனுப்ப உத்தரவிடுங்கள். அன்றைக்கும் தனி அலுவலர்தான் தலைமை தாங்குவார் என்றால், குறைந்தது கடைசிவரை அவரை உட்கார்ந்திருக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு கிராம ஊராட்சியின் முன்னாள் வார்டு உறுப்பினர்